பொடக்காளியில் முதல் கோழிக்கூட்டம்: எந்த இனம் எதோடு சேரும்?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தால் மற்ற ஊர்களில் அதைப் புழக்கடை என்பார்கள். தாராபுரம் பக்கம் அது பொடக்காளி. அங்கே நாலு கோழி விட்டால் பிள்ளைகளுக்கு முட்டை ஆச்சு, மாரியம்மன் நோம்பிக்குக் கறி ஆச்சு, மிச்சமாகிற சோறும் வீணாகாது. இந்த ஆசை பலருக்கும் உண்டு. செல்போனில் ரெண்டு வீடியோ பார்த்துவிட்டால் ஆசை இன்னும் கூடிவிடும்.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? ஒரு வாரம் குண்டடம் சந்தையில் ரெண்டு சிறுவிடைக் கோழி வாங்குவோம். அடுத்த வாரம் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஒரு பெருவிடைச் சேவல் வரும். ஆன்லைனில் பார்த்து நாலு கருங்கோழிக் குஞ்சு வரும். பிள்ளை அழுதது என்று தேர்க்கடையில் ஒரு கலர் குஞ்சும் வரும். எல்லாவற்றையும் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்ப்போம். பத்து இருபது நாளில் ஒன்று தலையில் ரத்தத்தோடு நிற்கும், ஒன்று மூலையில் சுருண்டு கிடக்கும், ஒன்று வெள்ளையாகக் கழியும். மாதம் முடியும்போது பாதி இருக்காது. "நமக்குக் கோழி ராசி இல்லீங்க" என்று பஞ்சாரத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவோம்.

ராசியில் ஒன்றும் இல்லைங்க, சேர்க்கையில்தான் கோளாறு. முதல் முறை கோழி வளர்க்கிறவர் மனதில் வைக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: முதல் கூட்டம் ஒரே இனமாக, ஒரே வயதாக, ஒரே இடத்தில் வாங்கியதாக இருக்கட்டும். விதவிதமாகக் கலப்பதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஏன் அப்படி, எந்த இனம் உங்க வீட்டுக்குப் பொருந்தும், எது எதோடு சேரும் என்பதை வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோழிக்கும் வரிசை உண்டு

கோழிக்கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் உயரமான இடத்தில் அடைவது என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அதைக் கொத்திக் கொத்தியே முடிவு செய்துகொள்ளும். சுமார் 100 ஆண்டுகளுக்கு முன் நார்வே நாட்டு விலங்கியல் அறிஞர் தோர்லீஃப் ஷெல்டெருப் எப்பே இதைக் கவனித்து 'கொத்தும் வரிசை' என்று எழுதினார். பொடக்காளியில் உட்கார்ந்து தீனி போட்ட நம்ம அப்பச்சிகளுக்கு இது புதுச் செய்தி இல்லை.

ஒன்றாக வளர்ந்த கோழிகளுக்குள் இந்த வரிசை சின்ன வயதிலேயே அமைந்துவிடும். அப்புறம் பெரிய சண்டை இருக்காது. புதிதாக ஒரு கோழியைக் கொண்டுவந்து விட்டால் வரிசை கலைந்து, மறுபடியும் முதலிலிருந்து சண்டை தொடங்கும். உடம்பில் ரத்தம் தெரிந்துவிட்டால் மற்ற கோழிகளும் சேர்ந்து அந்த இடத்தையே கொத்தும். சில சமயம் கொத்தியே கொன்றுவிடும்.

ஆகவே கோழிகள் சேருமா சேராதா என்று பார்க்க நாலு விஷயம் இருக்கிறது.

வயது: பெரிய கோழி சின்னதைத் தீனிப்பக்கம் வரவிடாது. தீனியும் வேறு. முட்டையிடும் கோழிக்கான தீவனத்தில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருக்கும். அதையே வளரும் குஞ்சு தினமும் தின்றால் அதன் சிறுநீரகம் கெடும்.

எடை: மூன்று, நாலு கிலோ சேவலை ஒன்றரை கிலோகூட இல்லாத பெட்டையோடு விட்டால் பெட்டையின் முதுகு இறகு உதிரும், தோல் கிழியும்.

குணம்: சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனமும், கூண்டில் முட்டைக்காக வளர்த்த சாதுவான இனமும் ஒரே வாசலில் நிம்மதியாக இருக்க முடியாது.

வந்த இடம்: நாலு இடத்தில் வாங்கினால் நாலு இடத்து நோயும் வீட்டுக்கு வரும். பார்க்க நன்றாக இருக்கும் கோழியே நோய்க்கிருமியைச் சுமந்து வரலாம். புதுசாக வந்த கோழிக்கு ஒன்றும் ஆகாது, வீட்டில் இருந்தது சாகும். பலருக்கு நடப்பது இதுதான்.

எதுக்காக வளர்க்கிறீங்க?

இனத்தைத் தேடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. முட்டைக்கா, கறிக்கா, குஞ்சு பொரிக்க வைத்துப் பெருக்கவா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நாட்டுக்கோழி ஈடு ஈடாக முட்டையிடும். ஒரு ஈட்டில் பன்னிரண்டு, பதினைந்து இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். வருஷத்துக்கு 60 முட்டை என்று வைத்துக்கொள்ளுங்க. ஆறு கோழிக்கு 360 முட்டை, வாரத்துக்கு சுமார் 7. மேம்படுத்தப்பட்ட புறக்கடை இனம் ஒன்று வருஷத்துக்கு 150 முட்டை இடுகிறது என்றால் ஆறு கோழிக்கு 900, வாரத்துக்கு 17 வரும். நாலு பேர் உள்ள வீட்டில் தினம் முட்டை வேண்டும் என்றால் எதை வாங்குவது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

அதே சமயம் அதிகம் முட்டையிடும் இனங்கள் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. குஞ்சு வேண்டும் என்றால் மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சிறுவிடைக்கு அந்தச் செலவு இல்லை. அதுவே அடை காத்து, 21 நாளில் பொரித்து, கழுகுக்கும் காக்கைக்கும் எதிரே இறகை விரித்துக்கொண்டு நிற்கும். முட்டை அதிகம் வேண்டுமா, தாய்க்கோழி வேண்டுமா என்பதுதான் முதல் தேர்வு.

இனங்களைத் தெரிஞ்சுக்கலாம்

சிறுவிடை: கொங்குப் பக்கம் தோட்டந்தோறும் மேய்கிற சின்ன உருவ நாட்டுக்கோழி. பல நிறத்தில் இருக்கும். பறந்து மரத்தில் அடையும், குப்பையைக் கிளறித் தானே தீனி தேடும், வெயில் தாங்கும். நல்ல தாய். எடை குறைவு, முட்டையும் சிறியது. ஆனால் முட்டைக்கும் கறிக்கும் நல்ல விலை உண்டு. முதல் முறை வளர்ப்பவருக்குக் கைகொடுக்கும் இனம் இது.

பெருவிடை: உயரமான காலும் நீண்ட கழுத்தும் உள்ள அசில் வகை. எடை நன்றாக வரும். சேவல் நல்ல விலைக்குப் போகும். முட்டை குறைவு. குஞ்சுகள் சில வார வயதிலேயே சண்டை போட ஆரம்பித்துவிடும். வளர்ந்த இரண்டு சேவல்களை ஒன்றாக விடவே முடியாது, தனித்தனியாகக் கட்டித்தான் வளர்க்க வேண்டும். இடமும் அனுபவமும் உள்ளவர்களுக்கு ஏற்றது. இன்னொன்றையும் நினைவில் வையுங்க: சேவல்களைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கடக்நாத்: நம்ம ஊரில் கருங்கோழி என்று விற்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது. அந்தப் பகுதிக் கடக்நாத் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல், கறி, எலும்பு வரை கருப்பாக இருக்கும். முட்டை மட்டும் கருப்பாக இருக்காது, வெளிர் பழுப்புதான். 'கருப்பு முட்டை' என்று யாராவது படம் காட்டினால் நம்பாதீங்க. இது அடைக்குச் சரியாக உட்காராது. 'நோயைத் தீர்க்கும் கோழி' என்ற விளம்பரத்தை நம்பியும் வாங்க வேண்டாம்.

வனராஜா, கிராமப்பிரியா: இரண்டும் ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்காகவே உருவாக்கியவை. வனராஜா கறி, முட்டை இரண்டுக்கும். கிராமப்பிரியா பெரும்பாலும் முட்டைக்கு. குணம் சாது. முதல் ஆறு வாரம் உள்ளே வைத்து நல்ல தீவனம் கொடுத்து வளர்த்து, அப்புறம்தான் வெளியே விட வேண்டும். வனராஜாவுக்கு உடம்பு கனம், ஆகவே நாய் வந்தால் சிறுவிடை போலச் சட்டென்று பறந்து தப்பிக்காது.

நந்தனம் கோழி: தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய வகைகள். நம்ம மாநிலச் சூழலில் உருவானவை, நிறத்தோற்றமும் நாட்டுக்கோழி போல. பல்கலைக்கழக மையங்களில் முன்பதிவு செய்து வாங்குவது நல்லது.

பண்ணை முட்டைக்கோழி: நாமக்கல் பக்கம் கூண்டுகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழி வந்த இனம். வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும். ஆனால் அதற்கேற்ற பண்ணைத் தீவனமும் கவனிப்பும் வேண்டும். வெள்ளை நிறம் என்பதால் திறந்த வெளியில் பருந்தின் கண்ணில் முதலில் படுவதும் இதுதான்.

பிராய்லர்: பல்லடம் பகுதியின் பெரிய தொழிலே இது. ஆனால் ஆறு வாரத்தில் எடை ஏறுவதற்கென்றே உருவான கோழி. பொடக்காளியில் விட்டால் மேயாது, அதிக நாள் வைத்தால் உடல் எடையைக் கால் தாங்காது.

கலர் குஞ்சு: தேர்க்கடையில் பச்சையும் ஊதாவுமாக விற்பவை பெரும்பாலும் முட்டைப்பண்ணைக் குஞ்சுப் பொரிப்பகங்களில் கழித்துவிடும் ஆண் குஞ்சுகள். சாயம் ரெண்டு வாரத்தில் போய்விடும். வளர்ந்தாலும் முட்டை இடாது. இருக்கிற கூட்டத்தோடு இதைச் சேர்க்கவே சேர்க்காதீங்க.

எது எதோடு சேரும்?

சிறுவிடையும் சிறுவிடையும்: முதல் கூட்டத்துக்கு இதைவிட எளிது கிடையாது.

கிராமப்பிரியாவும் நந்தனமும்: ஒரே வயதுக் குஞ்சாக வாங்கி ஒன்றாக வளர்த்தால் சேரும். உடம்பு, குணம் இரண்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

கடக்நாத்தும் கிராமப்பிரியாவும்: குஞ்சிலிருந்து ஒன்றாக வளர்த்தால் சேரும். ஆனால் அந்த முட்டைகளைப் பொரிக்க வைத்தால் கலப்புக் குஞ்சு வரும். அதைக் கருங்கோழி என்று விற்க முடியாது.

சிறுவிடையும் வனராஜாவும்: பெட்டைகள் சேரும், சேவலில்தான் பிரச்சினை. கனமான வனராஜாச் சேவல் சிறுவிடைப் பெட்டைக்கு ஆகாது. இன்னொன்று, வனராஜா போன்றவை கலப்பில் உருவானவை. அவற்றின் அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பனின் முட்டைத் திறன் அப்படியே வராது. உங்க சிறுவிடையின் நாட்டு இரத்தமும் கலந்துபோகும்.

சிறுவிடையும் பெருவிடையும்: சேராது. சின்ன இடத்தில் ரத்தம் பார்க்காமல் விடாது.

நாட்டுக்கோழியும் பண்ணை முட்டைக்கோழியும்: கழித்த முட்டைக்கோழி மலிவாகக் கிடைக்கிறது என்று கொண்டுவந்து விடுவோர் உண்டு. கூண்டில் வளர்ந்ததற்கு மேயவும் தெரியாது, திருப்பிக் கொத்தவும் தெரியாது. வரிசையில் கடைசியில் நின்று தீனி கிடைக்காமல் மெலியும்.

கோழியும் வான்கோழியும்: சேர்க்க வேண்டாம். கோழியின் குடலில் உள்ள ஒருவகைப் புழுவின் முட்டை வழியாக வான்கோழிக்கு ஈரலைத் தாக்கும் நோய் பரவும். கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வான்கோழி செத்துவிடும். ஒரே தரையில் மேய்ந்தாலே ஆபத்து.

கோழியும் வாத்தும்: பகலில் மேயலாம். இரவுக் கொட்டகை தனித்தனியாக வேண்டும். வாத்து தண்ணீரைச் சிந்தித் தரையை ஈரமாக்கும். ஈரத் தரையில் கோழிக்கு ரத்தக்கழிச்சல் வரும்.

கின்னிக்கோழி: பெரிய தோட்டமாக இருந்தால் பரவாயில்லை, பாம்பைக் கண்டால் கத்தி ஊரைக் கூட்டும். நகராட்சிக்குள் நெருக்கமான தெருவில் வேண்டாம், பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள்.

சேவல் எத்தனை வேணும்?

முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். டவுனுக்குள் குடியிருப்பவர்களுக்கு, அதுவும் வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதுவே நிம்மதி. விடியக்காலை நாலு மணிக்குச் சேவல் கூவினால் எல்லா வீட்டிலும் ரசிக்க மாட்டார்கள். குஞ்சு வேண்டும் என்றால் எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சின்னக் கூட்டத்தில் ரெண்டாவது சேவல் இருந்தால் தினம் சண்டைதான்.

குஞ்சாக வாங்கும்போது இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்க. ஆண் பெண் பிரிக்காத குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். 16 குஞ்சு வாங்கினால் எட்டு பெட்டை. அதில் ஒன்றிரண்டு தவறினாலும் ஆறு மிஞ்சும். மிச்சச் சேவல்களை நாலைந்து மாதத்தில் விற்றுவிடலாம். கோயில் நோம்பி வந்தால் வீட்டுக்கே ஆயிற்று.

தாராபுரத்து வெயிலும் காத்தும்

இனம் ஒன்றோடொன்று சேர்ந்தால் போதாது, ஊரோடும் சேர வேண்டும். பங்குனி, சித்திரையில் இங்கே வெயில் கொளுத்தும். கனமான கோழிகள் வாயைத் திறந்து இறைக்கும். கனம் குறைந்த சிறுவிடை மர நிழலில் சமாளித்துவிடும். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே விழாது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காத்து இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்பது சுற்றியுள்ள காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். மேற்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்க, இல்லையென்றால் குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமாகாமல் மேடாக்கி வையுங்க.

இரவு அடைய ஒரு கோழிக்கு சுமார் 2 சதுர அடி இடம் வேண்டும். பத்துக் கோழிக்கு 20 சதுர அடி, அதாவது நாலுக்கு ஐந்து அடிக் கொட்டகை. கீரிப்பிள்ளை, பூனை, பாம்பு நுழையாத அளவுக்குக் கம்பி வலை நெருக்கமாக இருக்கட்டும். உயரம் குறைந்த கட்டை ஒன்றும் உயரமான கட்டை ஒன்றும் வைத்தால் பயந்த கோழிக்கும் அடைய இடம் கிடைக்கும்.

குஞ்சு வாங்கும்போது ஏமாறாதீங்க

2012-இல் பெருந்துறையில் ஈமு கோழி நிறுவனங்கள் சரிந்தது கொங்கு மக்களுக்கு இன்னும் மறந்திருக்காது. பறவையைக் கொடுத்து, மாதாமாதம் பணம் தந்து, திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். பல்லாயிரம் பேரின் சேமிப்பு முடங்கியது. இன்றைக்கும் அதே பேச்சு கருங்கோழி, நாட்டுக்கோழி என்ற பெயரில் செல்போனுக்கு வருகிறது. 'குஞ்சை வாங்குங்க, வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்கறோம்' என்று முன்பணம் கேட்பவரிடம் பணம் கட்டும் முன் உங்க பகுதி கால்நடை உதவி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. பொடக்காளிக் கோழி வீட்டுச் செலவைக் குறைக்கும், கைச்செலவுக்குக் காசு தரும். மாதச் சம்பளம் தரும் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்க.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் பழைய படத்தை நம்பாமல் வீடியோ காலில் குஞ்சுகளைக் காட்டச் சொல்லுங்க. என்றைக்குப் பொரித்தது, எந்தத் தடுப்பூசி போட்டது என்று கேட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்க. தெரியாதவருக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே யுபிஐ வழியாக அனுப்பாதீங்க. ஏமாற்றப்பட்டது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்க. சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.

நேரில் பார்க்கும்போது கண் பளிச்சென்று இருக்க வேண்டும், தொப்புள் காய்ந்திருக்க வேண்டும், ஆசனவாய் சுத்தமாக இருக்க வேண்டும். முடிந்தால் ஒருநாள் குஞ்சுக்குப் பதில் நாலு வாரக் குஞ்சாக வாங்குங்க. விலை கூடுதல்தான். ஆனால் பல்பு போட்டுச் சூடு காட்டிக் காப்பாற்ற வேண்டிய சிரமமான காலம் தாண்டியிருக்கும். கால்நடை பராமரிப்புத் துறையின் நாட்டுக்கோழித் திட்டங்களில் நாலு வார வயதுக் குஞ்சுகளைத் தேர்ந்தெடுத்ததற்கும் இது ஒரு நல்ல காரணம்.

தடுப்பூசியை விடாதீங்க

சேர்க்கை எவ்வளவு சரியாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூட்டம் காலியாகிவிடும். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். உத்தரகண்ட் மாநிலத்தின் ராணிக்கேத் ஊரின் பெயரால் வந்தது. வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது, வராமல் தடுக்கத்தான் முடியும்.

முதல் வாரத்தில், அதாவது ஏழாம் நாள் வாக்கில், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. இதோடு அம்மைத் தடுப்பூசி போன்றவை எப்போது என்பதை மருத்துவர் சொல்வார். தடுப்பு மருந்து குப்பி ஒன்றில் நூறு கோழிக்குக் குறையாமல் மருந்து இருக்கும். கரைத்தால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காக ஒரு குப்பியை உடைப்பது வீண். அக்கம்பக்கத்துப் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொண்டால் செலவும் மிச்சம், தெருவுக்கே பாதுகாப்பு. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாக ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் நடத்துகிறது. அந்தச் சமயம் கோழிகளைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளுங்க.

உங்க வீட்டில் யாராவது பிராய்லர் பண்ணை வேலைக்குப் போகிறவராக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவி உடை மாற்றிய பிறகு கோழிகளிடம் போகட்டும். அங்கேயிருந்து இங்கேயும், இங்கேயிருந்து அங்கேயும் நோய் செருப்பில் ஒட்டிப் போகும்.

புதுக்கோழி சேர்க்கணும்னா

அடுத்த வருஷம் கூட்டத்தைப் பெருக்க நினைத்தால் புதிதாக வந்ததைக் குறைந்தது 3 வாரம் தனியாக வையுங்க. தீனித்தட்டு, தண்ணீர்க்கிண்ணம் எல்லாம் தனி. முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, கடைசியாகப் புதுசிடம் போங்க. 3 வாரமும் நோய் தெரியவில்லை என்றால், நடுவே வலை கட்டி ஒன்றை ஒன்று பார்க்கும்படி ஒரு வாரம் வையுங்க. அப்புறம் இருட்டிய பிறகு கட்டையில் அடைந்திருக்கும்போது பக்கத்தில் கொண்டுபோய் விடுங்க. ஒற்றைக் கோழியாகச் சேர்க்காமல் ரெண்டு மூன்றாகச் சேர்த்தால் எல்லா அடியும் ஒன்றின்மேல் விழாது. தீனித்தட்டையும் ரெண்டு இடத்தில் வையுங்க.

இனக் கலப்பு நிஜமாகவே உதவுகிற ஒரு வழியும் உண்டு. முட்டைக்கு கிராமப்பிரியாவோ கடக்நாத்தோ வைத்திருப்பவர் கூடவே ரெண்டு சிறுவிடைப் பெட்டையையும் பழக்கி வைத்துக்கொண்டால், மற்றவற்றின் கருவுள்ள முட்டையை அதன் அடியில் வைத்து இன்குபேட்டர் இல்லாமலே பொரிக்கலாம். ஒரு சிறுவிடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம். ஏழெட்டு நாள் கழித்து இரவில் முட்டையை உங்க செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி போலப் படர்ந்திருந்தால் கரு இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் தெளிவாக இருந்தால் அது பொரிக்காது, எடுத்துவிடலாம். கூமுட்டை உள்ளேயே உடைந்து மற்ற முட்டையைக் கெடுக்கும் தொல்லை இல்லை.

யாரிடம் கேட்கலாம்?

கோழி சோர்ந்து நின்றால் வீடியோவில் மருந்து தேடிக் காலம் கடத்தாமல் உங்க பகுதி அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்க. நோயால் செத்த கோழியை வாய்க்காலிலோ அமராவதி ஆற்றிலோ வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்க.

நேரில் போக முடியாத அவசரத்துக்குக் கால்நடை மருத்துவ உதவி எண் 1962. வளர்ப்பு முறை பற்றித் தமிழிலேயே கேட்க உழவர் அழைப்பு மையம்: 1800-180-1551. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

பயிற்சி வேண்டும் என்றால் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் திருப்பூரில் இருக்கிறது. உடுமலைப்பேட்டையில் 2020-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் நம்ம மாவட்டத்தில்தான். நாட்டுக்கோழி வளர்ப்புக்கான அரசு மானியத் திட்டங்களின் எண்ணிக்கையும் தகுதியும் ஆண்டுக்காண்டு மாறும். கணவரை இழந்த, ஆதரவற்ற பெண்களுக்கு அவற்றில் முன்னுரிமை தரப்பட்டு வந்திருக்கிறது. ஆதார் நகலோடு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் இந்த ஆண்டு என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். இடையில் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

இப்போதைக்கு உங்க வேலை மூன்றே மூன்றுதான். பொடக்காளியை அளந்து எத்தனை கோழிக்கு இடம் இருக்கிறது என்று பாருங்க. முட்டைக்கா, குஞ்சுக்கா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்க. முதலில் கொட்டகையைக் கட்டிவிட்டு, அப்புறம் ஒரே இனத்தில், ஒரே வயதில், ஒரே இடத்தில் குஞ்சு வாங்குங்க. ஆறேழு மாதத்தில் உங்க வீட்டுப் பெட்டையே முதல் முட்டை இட்டுவிட்டுக் கொக்கரிக்கும்.